பள்ளி மணி அடிக்காத வீடு

(விருதுநகரில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க நினைப்பவர்கள் எப்படித் தொடங்குவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சென்னையில் பேசுவது சுலபம். பாடத்திட்டம் கேட்பார்கள், புத்தகப் பட்டியல் கேட்பார்கள், எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். விருதுநகரில் அப்படி முடியாது. பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் ஆண்டுக்கணக்காக மாநிலத்தில் முதலிடம் பிடித்துப் பெயர் வாங்கிய மாவட்டம் இது. முடிவு வெளியாகும் நாளில் "நம்ம மாவட்டம் எத்தனாவது?" என்று டீக்கடையில் கேட்கிறவர்கள் நாம். இங்கே ஒருவர் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன் என்று சொன்னால், பக்கத்து வீட்டுப் பாட்டி பாடத்திட்டம் பற்றிக் கேட்கமாட்டார். "எந்த ஆபீசுக்குய்யா அனுப்பப் போற?" என்றுதான் கேட்பார். வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையும் பட்டாசுத் தொழிற்சாலையும் ஆபீஸ்தான்.

அந்தப் பாட்டியின் கேள்வியை விவரம் தெரியாத கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்கல்வி பற்றி இந்த மண்ணில் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி அதுதான். நான் இன்று பேசப்போவது எல்லாம் அவருக்குச் சொல்லவேண்டிய பதில்.

1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்து தொழிலைத் தொடங்கினார்கள். மழை குறைந்த கரிசல் பூமி. வெள்ளாமையை நம்ப முடியாது. ஆனால் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் இந்தக் காய்ந்த வெயில்தான் தேவை. சாத்தூர், திருத்தங்கல், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை என்று தொழில் பரவியது. சோறு போட்டது, அதை மறுக்க முடியாது. அந்தச் சோற்றைச் சம்பாதித்ததில் பிள்ளைகளின் பங்கும் இருந்தது. குச்சிக் கட்டை அடுக்கவும், பெட்டி ஒட்டவும், சரம் பின்னவும் சின்ன விரல்தான் தோது என்று பெரியவர்களே சொல்லிக்கொண்டார்கள். 1980களில் விடிவதற்கு முன்பே ஆபீஸ் பஸ் கிராமத்துக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதை இந்த அவையில் பலர் கண்ணால் பார்த்திருப்பீர்கள். சிலர் அந்த பஸ்ஸில் ஏறியும் இருப்பீர்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் அந்தக் காலத்தைப் பற்றியது. பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

பஸ்ஸில் போகாத பிள்ளை? அது வீட்டில் இருந்தது. திண்ணையில் பசைக் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டியது. ஒரு குரோஸ் 144 பெட்டி. அந்தப் பிள்ளைக்கு 144ஆம் வாய்ப்பாடு தெரியும். எழுதிக் காட்டத் தெரியாது. பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருப்பது என்றால் இரண்டு மூன்று தலைமுறைக்கு இங்கே அர்த்தம் அதுதான்.

அதை மாற்ற என்னென்ன தேவைப்பட்டது என்று பாருங்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம். அது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. பிறகு வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தமிழ்நாட்டு அரசை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. வழக்கின் வேர் சிவகாசி. தீர்ப்பு நாட்டுக்கே பொருந்தியது. அபாயகரமான வேலையில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அரசு அந்தக் குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தத் தொகையின் வட்டி குடும்பத்துக்குப் போகும். ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டும். பள்ளிக்கு அனுப்பாவிட்டால் வட்டி நின்றுவிடும்.

நீதிபதிகள் எதை அளவுகோலாக வைத்தார்கள் பார்த்தீர்களா? பிள்ளை வேலையில் இல்லை என்பதற்கு அவர்கள் கேட்ட அத்தாட்சி பிள்ளை பள்ளியில் இருப்பது, அதாவது பள்ளியின் வருகைப் பதிவேடு. நகரத்து வீட்டுக்கல்விப் புத்தகங்கள் அந்தப் பதிவேட்டைக் கட்டுப்பாட்டின் சின்னமாகச் சொல்லும். நமக்கு அது கவசமாக இருந்தது. அதைக் கழற்ற விரும்புகிறவர் அதற்குப் பதிலாக என்ன போட்டுக்கொள்ளப் போகிறார் என்பதுதான் என் கேள்வி.

இந்த ஊருக்கு இந்தக் கேள்வி ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது. 1953இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். காகிதத்தில் படித்தால் இன்றைய வீட்டுக்கல்விக்காரர்கள் பலருக்குப் பிடித்துப்போகும்: குறைந்த வகுப்பு நேரம், கைத்தொழில், குடும்பத்தோடு இருத்தல், எல்லாம் இருக்கிறது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துத் தமிழ்நாடே எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், இந்த ஊரில் பிறந்த காமராசர் முதலமைச்சர் ஆனார், திட்டம் கைவிடப்பட்டது. காரணம் எளியது. செருப்பு தைப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு மீதிப் பொழுது என்றால் செருப்பு. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு மீதிப் பொழுது என்றால் புத்தகம். வீட்டில் கற்பது என்றாலே வீட்டில் இருப்பதைத்தான் கற்க முடியும்.

காமராசரையே வீட்டுக்கல்விக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. "அவர் என்ன, ஆறாம் வகுப்போடு நிறுத்தினவர்தானே, நாட்டையே ஆளவில்லையா?" என்பார்கள். அவர் நின்றது விரும்பி அல்ல. தகப்பனார் சின்ன வயதிலேயே இறந்துபோனார், மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார வேண்டி வந்தது. பள்ளி இல்லாமலே நான் ஜெயித்தேன் என்று பேசாமல், தனக்குக் கிடைக்காத பள்ளியை ஊர் ஊராகத் திறந்தவர் அவர். அவர் படித்த சத்திரிய வித்தியாசாலை எப்படி நடந்தது தெரியுமல்லவா? உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். உறவின்முறைச் சங்கம் அதைச் சேர்த்துப் பள்ளியை நடத்தியது. பள்ளி என்பது அரசாங்கம் நம் தலையில் கட்டியது என்ற வாதம் வேறெங்கு எடுபட்டாலும் விருதுநகரில் எடுபடாது.

சரி, அப்படியானால் இந்த ஆள் வீட்டுக்கல்வி வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாரா என்று நினைப்பீர்கள். இல்லை. சில பிள்ளைகளுக்கு அது தேவை. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் தடுமாறும் பிள்ளை, ஐம்பது பேர் வகுப்பில் காது பொத்திக்கொள்ளும் பிள்ளை, மதிப்பெண் ஓட்டத்தில் தூக்கம் தொலைத்த பிள்ளை. தேர்ச்சி விகிதத்துக்குப் பெயர்போன மாவட்டத்தில் அந்த விகிதத்தின் பாரத்தைச் சுமந்தது யார் என்பதையும் நாம் பேசித்தான் ஆகவேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரவு படிப்பு, அதிகாலைப் படிப்பு என்று ஓட்டுவதைக் கல்வி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வீட்டில் கற்பிப்பது புதிதும் அல்ல. காந்தியும் தம் பிள்ளைகளைத் தென்னாப்பிரிக்காவில் வீட்டில்தான் படிக்க வைத்தார். ஜோகன்னஸ்பர்க்கில் அலுவலகத்துக்கு நடந்து போகும்போதும் திரும்பும்போதும் பாடம். 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழும் அவரே கற்பித்தார். அவர் தமிழ் ஜி.யு.போப்பின் கையேட்டைத் தாண்டாதது, அதை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பண்ணையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. காலையில் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. பிள்ளைகளும் தூங்கி விழுந்தார்கள், ஆசிரியர்களும் தூங்கி விழுந்தார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடம் நடந்தது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வேலை முந்திக்கொண்டால் படிப்புக்குக் கிடைப்பது களைத்த பிள்ளைதான். பிற்காலத்தில் தம் மகன்களுக்கு முறையான படிப்பு கிடைக்காத மனக்குறை இருந்ததையும் காந்தி மறைக்கவில்லை. மூத்த மகன் ஹரிலாலின் கோபம் கடைசிவரை தீரவில்லை.

இனிச் சட்டம். 2009இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. கடமை என்று சொன்னதோடு சரி, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் எழுதவில்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லே அதில் இல்லை. 2012இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், விரும்பி வீட்டில் கற்பிப்பவர்களுக்கு இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று மத்திய அரசு எழுதிக் கொடுத்தது. ஆக, தடையும் இல்லை, பட்டயமும் இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, ஒரு டீச்சரை வைத்து, கட்டணமும் வாங்கினால் அது அங்கீகாரம் இல்லாத பள்ளி என்று ஆகிவிடலாம். அதற்கு 18ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் இருக்கிறது.

மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பிறகு பிள்ளையின் பெயர் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸ் தளத்தில் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் நிற்கும். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் வீடு தேடி வருவார். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு அவருடைய வேலை. முகம் சுளிக்காதீர்கள். உட்கார வைத்துக் காபி கொடுங்கள். இந்தப் பகுதியில் அவர் உங்கள் கதவைத் தட்டுவதற்கு என்ன காரணம் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டேன். பிள்ளையின் நோட்டுகளை, வாசித்த புத்தகங்களின் பட்டியலை, தேதி போட்டு எழுதிய நாட்குறிப்பை எடுத்துக் காட்டுங்கள். அதைக் காட்ட முடியாத வீட்டை அவர் சந்தேகப்பட்டால் அது நியாயம்.

தேர்வுக்கு வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வர்களுக்கு நடத்துகிறது. பன்னிரண்டரை வயது முடிந்திருக்க வேண்டும். அதில் தேறினால் பத்தாம் வகுப்பையும் நேரடித் தனித்தேர்வராக எழுதலாம், பதினாலரை வயது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போயிற்று. இன்னொரு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி. பத்தாம் வகுப்புக்கு 14 வயது, பன்னிரண்டுக்கு 15. பாடங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதலாம், அதுதான் அதன் வசதி. ஆனால் சேர்வதற்கு முன்பே, பின்னால் போக நினைக்கும் கல்லூரியும் எழுத நினைக்கும் அரசு வேலைத் தேர்வும் அந்தச் சான்றிதழை ஏற்கின்றனவா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

இழப்புக் கணக்கையும் போடுங்கள். வீட்டுக்கல்வி பற்றிப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் அவர்கள் வீட்டில் இது கணக்கிலேயே வராது. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு போகும். மதியச் சத்துணவு போகும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் பள்ளிப் படிப்பைப் பார்த்துத்தான் வருகிறது. பிரஸ் முதலாளி வீட்டுக்கு இவை ஒன்றுமில்லை. ஆபீசில் வேலை பார்க்கும் தாயின் வீட்டில் இவைதான் மகளின் கல்லூரி.

இதையெல்லாம் யோசித்த பிறகும் தொடங்கலாம் என்று இருக்கிறவர்களுக்கு இப்போது சொல்கிறேன்.

முதல் சில மாதம் வீட்டுக்குள் இன்னொரு பள்ளியைக் கட்டாதீர்கள். கரும்பலகை, மணி, சீருடை மாதிரி ஒரு சட்டை, இதெல்லாம் வாங்குகிற பெற்றோர் இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பள்ளியால் வந்த களைப்பு போகட்டும். தொடக்க வகுப்பு வயதில் உட்கார்ந்து படிக்க ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும்: தமிழில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, பிறகு கொஞ்சம் ஆங்கிலம். அந்த இரண்டு மணி நேரம் மட்டும் தவறக்கூடாது. கல்யாணம், கோயில் கொடை என்று மாதத்தில் பாதி நாள் விட்டுப்போகும் வீட்டுக்கல்வியை விட சுமாரான பள்ளி மேல்.

மீதிப் பொழுதுக்கு நம் மாவட்டத்தைப் போல வாய்த்த இடம் குறைவு. விருதுநகர்ச் சந்தை நிலவரம் வாராவாரம் பத்திரிகையில் வருகிறது: துவரை, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய். போன வார விலையையும் இந்த வார விலையையும் எழுதி வைத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். 15 கிலோ டின்னிலிருந்து ஒரு கிலோவின் விலையைப் பிரிக்கச் சொல்லுங்கள். விலை ஏன் ஏறியது என்று கடை அண்ணாச்சியிடம் அதுவே போய்க் கேட்கட்டும். மழை, கப்பல், இறக்குமதி வரி எல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும். தெரிந்த அச்சகத்தில் கேட்டால் கழித்த தாள்கள் தருவார்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நாலு கலர் தனித்தனியாக ஏறி ஒரு சாமி படம் ஆவதைப் பார்த்த பிள்ளைக்கு நிறக்கலவை பாடம் தனியாக வேண்டியதில்லை. வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. 2022இல் அகழாய்வு தொடங்கி, சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் வெளிவந்த இடம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் சாம்பல் நிற அணில் இருக்கிறது.

பட்டாசையும் படிக்கலாம். தொடாமல் படிக்கலாம். சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு, மஞ்சளுக்கு சோடியம். அடுப்பு எரியும்போது நீங்கள் பக்கத்தில் நின்று ஒரு சிட்டிகை உப்பைத் தீயில் போட்டுக் காட்டினால் மஞ்சள் தெரியும். பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் ஏன் தடை போட்டது, பசுமைப் பட்டாசு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே போனால் வேதியியலில் தொடங்கி சட்டம், சுற்றுச்சூழல், இந்த ஊரின் கூலிவரை வரும். அந்தப் பிள்ளை தன் ஊரைப் புரிந்துகொள்ளும்.

படிப்பதோடு நிற்க வேண்டும். இங்கேதான் பாட்டிக்குப் பதில் சொல்கிறேன். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம் என்கிறது. வெடிபொருள் போன்ற அபாயத் தொழில் என்றால் அந்தச் சலுகையும் இல்லை. இப்போது யோசியுங்கள்: பள்ளி நேரமே இல்லாத வீட்டில் "பள்ளி நேரம் முடிந்த பிறகு" என்பது எப்போது? அப்பாவின் கடையில் ஆள் வராத நாளில் "கொஞ்சம் கல்லாவைப் பார்த்துக்கோடா, இதுவும் படிப்புதானே" என்று ஆரம்பிக்கும். பெண்பிள்ளை என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்வதில் ஆரம்பிக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் மணி அடிக்காத வீட்டில் பிள்ளையின் நேரத்துக்குக் காவல் இல்லை. அதனால் எழுதி ஒட்டுங்கள்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை பிள்ளையிடம் யாரும் எந்த வேலையும் சொல்லக்கூடாது என்று. தாத்தாவுக்கும் அது பொருந்தும். சம்பளம் கிடைக்கக்கூடிய எந்த வேலையும் பாடம் என்ற பெயரில் பிள்ளையிடம் வரக்கூடாது.

அப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. முடிவு எடுப்பது நீங்கள், கற்பிப்பது உங்கள் மனைவி என்றால் தொடங்காதீர்கள். அவருடைய வேலை, அவருடைய தூக்கம், அவருடைய படிப்பு எல்லாம் போய், கடைசியில் பிள்ளை தேறாவிட்டால் பழியும் அவர்மேல் விழும். கணக்கு நீங்கள், தமிழ் அவர் என்று பிரித்துக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் பள்ளி இருக்கிறது.

பிள்ளைக்குக் கூட்டாளிகள் வேண்டும். சொந்தச் சாதிப் பிள்ளைகள், சொந்தத் தெருப் பிள்ளைகள் மட்டும் என்று சுருங்கிவிட்டால், எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிடட்டும் என்று பள்ளியில் சோறு போட்டதையே நாம் தோற்கடித்தவர்கள் ஆவோம். நூலகம், மைதானம், சிலம்பம், கேரம், எங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கலக்கிறார்களோ அங்கே தினமும் அனுப்புங்கள்.

வருவதற்கு முன் சீட்டில் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெயர் இல்லை. "நான் திருத்தங்கல் பக்கம் ஆபீஸ் வேலைக்குப் போறேன். வீட்டுக்காரரும் வேலைக்குப் போறாரு. பையன் ஏழாம் வகுப்பு, ஸ்கூல் பிடிக்கலங்கான். வீட்டுல வச்சுப் படிக்க வைக்கலாமா?"

அம்மா, வேண்டாம். பகலில் நீங்கள் இருவரும் இல்லாத வீட்டில் ஏழாம் வகுப்புப் பையன் தனியாக இருந்தால் படிக்கமாட்டான். ஒரு மாதத்தில் யாராவது ஒரு புரோக்கர் அவனிடம் பேச்சுக் கொடுப்பான். பள்ளி ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் கேளுங்கள். அடி விழுகிறதா, யாராவது கேலி செய்கிறார்களா, கணக்கு புரியவில்லையா? அடி என்றால் சட்டப்படி அதற்குத் தடை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைச் சொல்லித் தலைமை ஆசிரியரைப் பாருங்கள், தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான் கூட வருகிறேன். கணக்குதான் என்றால், 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தெருவிலேயே தன்னார்வலர்கள் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களே, உங்கள் தெருவில் அப்படிச் சொல்லிக்கொடுத்த பெண்ணைத் தேடிப் பிடியுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பையன் உங்களுக்கு அரை மணி நேரம் பத்திரிகை வாசித்துக் காட்டட்டும். உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் சரியாகத்தான் வாசிக்கிறான் என்பதுபோல் கேட்டுக்கொண்டு இருங்கள். கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். எந்தப் பள்ளி என்று மட்டும் சொல்லுங்கள், திங்கட்கிழமை போவோம்.